கடல் காணாத குழந்தைகளும் கடலின் உணவுச் சங்கிலியும்

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நமது விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. நம் பள்ளிப் பிள்ளைகளுள் கடலைக் கண்டிராதவர் பலர். ஆகவே, கடல் உயிர்களின் உணவுச் சங்கிலியைப் பற்றிய பாடத்தில் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்லலாகாதா என்று ஆசிரியர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், சந்தை நாளன்று நெத்திலிக் கருவாடு வாங்காத வீடுகள் நம் கிராமங்களில் எத்தனை? கடல் நமது அடுப்பங்கரைக்கு வந்துகொண்டேயிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையோ, நமது கண்மாய்களை நிரப்பியபின் எஞ்சியது வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேருகிறது.

இப்பாடத்தைப் 'பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும்' என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதனால் வலியவனுக்காகவே எளியவன் பிறந்தான் என்பது போன்ற எண்ணம் குழந்தை மனத்தில் படிகிறது. உண்மை வேறு. பெரியது சிறியதை நம்பியே உயிர் வாழ்கிறது. ஆதலின் சங்கிலியை அடியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. பால்கோவா பாலிலிருந்து, பால் பசுவிலிருந்து, பசு புல்லினால், புல் சூரிய ஒளியினால் என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு கேளுங்கள்: 'கடலில் புல் எங்கே?'

இங்குதான் பாடத்தின் சுவை இருக்கிறது. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடானுகோடியாக மிதக்கின்றன. அவையே கடலின் புல். உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதி கடல் தாவரங்களால் உண்டாவது என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. நுண்பாசியை மிதக்கும் சிற்றுயிர்களும், அவற்றை நெத்திலியும், நெத்திலியை வஞ்சிரம் என்னும் நெய்மீனும், நெய்மீனை நாமும் உண்கிறோம். உலகிலேயே மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கிலம் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்களையே பெரும்பாலும் உண்கிறது என்று சொன்னால் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள். மறுக்கட்டும், அன்றைய பாடம் மறக்காது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மெய்யாகவே கடற்புல் வெளிகள் உண்டு. அவற்றை மேயும் கடற்பசுவும் உண்டு. அதற்காகத் தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

படம் வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். பூனை எலியைத் துரத்துவதை எண்ணி, தின்பதிலிருந்து தின்னப்படுவதை நோக்கி அம்புக்குறி இடுவது பிள்ளைகளின் இயல்பு. உணவு எங்கே போகிறதோ அங்கேதான் அம்பின் முனை இருக்க வேண்டும். நெத்திலியிலிருந்து நெய்மீனுக்கு, மாறாக அல்ல.

கண்மாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கியால் காட்டுங்கள். துள்ளும் நீர்ப்பூச்சிகள் தெரியும். கடலிலும் இத்தகைய சிற்றுயிர்களே இரண்டாம் படி என்று விளக்கலாம். தண்ணீரை ஆசிரியரே எடுத்து வரவேண்டும். குழந்தைகளைக் கரைக்கு அனுப்பவே கூடாது. இராஜபாளையத்து நூற்பாலைகளில் கழிவு நூல் கேட்டால் கொடுக்காமலா போவார்கள்? ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் உயிரின் பெயரிட்டு, நூலை வரிசையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நுண்பாசியாக நிற்கும் குழந்தை நூலை விட்டதும் நெய்மீன் கையிலுள்ள நூலும் தொய்ந்து விழும்.

பெரிய வகுப்புகளில் கணக்கையும் சேர்க்கலாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஒரு கிலோ நெய்மீன் வளர 10 கிலோ நெத்திலி, 100 கிலோ சிற்றுயிர், 1,000 கிலோ நுண்பாசி என்று கரும்பலகையில் எழுதினால், பெரிய மீன் ஏன் அரிது, விலை ஏன் அதிகம் என்பது விளங்கும். ஆனால் சில நஞ்சுகள் இதற்கு நேர்மாறானவை; உடலிலேயே தங்கிப் படிக்குப் படி பெருகுபவை. டி.டி.டி. அத்தகையது, உழவில் அதன் உபயோகம் நம் நாட்டில் 1989-இல் தடை செய்யப்பட்டது. நமது வயல்களில் தெளிக்கும் மருந்தின் மிச்சமும், ஓடையில் எறியும் பிளாஸ்டிக்கும் வெள்ளத்தோடு எங்கே போகும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். விடை வீட்டிற்கும் போய்ச் சேரும்.

கருவாட்டை வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லும்போது மரக்கறி உணவுக் குடும்பத்துப் பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குப் பால்கோவாவே போதும். மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குச் செல்வதில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சந்தையில் மீன் விலையை விசாரித்து வரச் சொல்லுங்கள். ஜூலையில் மீண்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு விலைகளையும் சுவரில் எழுதி வைத்தால் அடுத்த பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.