விஞ்ஞானியும் சமுதாயமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "ஒரு விஞ்ஞானியை வரையுங்கள்" என்றேன். கலைந்த தலை, வெள்ளை அங்கி, மூக்குக்கண்ணாடி. எல்லாத் தாள்களிலும் அதே உருவம். நமக்கு அண்மையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அச்செய்தியை அறிந்த அப்பிள்ளைகளுள் ஒருவர்கூடத் தம் தாய் தந்தையின் சாயலில் விஞ்ஞானியை வரையவில்லை.

இலக்கியம் காட்டும் விஞ்ஞானியும் நமக்கு அந்நியனே. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் பிராங்கன்ஸ்டைன் என்பவன், தான் உயிரூட்டிய உருவத்தைக் கண்டு தானே அஞ்சி ஓடுகிறான். பொறுப்பேற்காத அந்த மனிதன் பின்வந்த கதைகள் பலவற்றுக்கு முன்மாதிரியானான். வரலாற்றில் நான் கண்ட விஞ்ஞானியோ வேறு. நான் வரலாறு படித்த பி.ஏ.; ஆகவே அவ்வழியே அவரைச் சொல்கிறேன்.

மேகநாத் சாகா 1893இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவர் அயலூரில் தம் வீட்டில் இடமளித்தார். சிறுவன் தன் தட்டைத் தானே கழுவி, பசுவையும் பார்த்துக்கொண்டு படித்தான். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்ததால் அரசுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தார். பின்பு அவரை ஏற்றது கிஷோரிலால் ஜூபிலி பள்ளி. நம் விழாவுக்குப் பொருத்தமான பெயர்தான்!

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜெகதீஷ் சந்திர போஸ் அவருக்கு ஆசிரியர். சத்தியேந்திரநாத் போஸ் உடன் பயின்றவர். ஆயினும் விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சாகா நம்மைப் போல் சேரிக்கு ஒதுக்கப்பட்டவர் அல்லர். தாழ்வாகக் கருதப்பட்ட வணிக வகுப்பினர். எனினும் அந்தத் தனிப் பந்தியை நாம் அறிவோம்.

விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் கரிய கோடுகள் தெரியும். அக்கோடுகள் விண்மீனுக்கு விண்மீன் மாறுவது பொருள் வேறுபாட்டால் மட்டும் அன்று; வெப்பமும் அழுத்தமும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் அளவைப் பொறுத்தது என்று 1920இல் சாகா ஒரு சமன்பாட்டால் காட்டினார். அதைக் கைக்கொண்டே 1925இல் அமெரிக்காவில் சிசிலியா பெய்ன் என்னும் பெண்மணி, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை எனக் கண்டார். மூத்த அறிஞர் ஒருவரின் சொல்லுக்கு இணங்கி, அம்முடிவு மெய்யாக இராது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. 4 ஆண்டுகளில் அந்த அறிஞரே அதை ஒப்புக்கொண்டார்.

சாகா விண்மீன்களோடு நிற்கவில்லை. 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபோது அதன் காரணங்களை ஆராய்ந்து எழுதினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. 1952இல் தேர்தலில் நின்று நாடாளுமன்றம் சென்றார். 1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் உயிர்நீத்தார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணியும் கரைபுரண்டபோது அவரை நினைத்துக்கொண்டேன். மழையின் அளவு மட்டுமன்று, ஊரின் பள்ளமான இடம் எவருடைய தெருவுக்கு வாய்த்தது என்பதும் ஆராய வேண்டிய செய்தியே. அதை ஆராய நம் பிள்ளைகள் வேண்டும்.

நான் மேல்நிலை வகுப்புப் படித்த பள்ளியின் பெயர் வேண்டா. அங்கே வேதியியல் ஆய்வுக்கூடத்தில், "தொடாதே, எட்டி நின்று பார், உடைந்தால் உன்னால் பணம் கட்ட இயலாது" என்றார் ஒருவர். என்னினும் ஏழைகளான பிற தெருப் பையன்கள் தொட்டார்கள். நான் வரலாற்றுக்கு வந்த கதை இதுவே. வரலாற்றின்மீது எனக்குக் குறையில்லை.

விழா நினைவாக நுழைவு வளைவு கட்ட எண்ணியிருப்பதாக அறிகிறேன். பொருளாளர் அவர்கள் பொறுத்தருள்க. வளைவைப் பிறகு கட்டலாம். அத்தொகையில் நம் மாலை வகுப்புக்கு 2 நுண்ணோக்கிகள், சில பியூரெட்டுகள், ஒரு பட்டகம் வாங்குங்கள். பிள்ளைகள் தொடட்டும், உடைந்தால் உடையட்டும். உடையும் முதல் பியூரெட்டின் விலையை நான் தருகிறேன்.