அவர்கள் ஏற்ற துறவும் நாம் சுமத்திய துறவும்

 



ஒரு தவறை ஒப்புக்கொண்டு இவ்வுரையைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் நிகாஹின் சிறப்பைப் பற்றிப் பேசியபோது, மணம் புரியாமல் வாழும் கிறிஸ்தவத் துறவியரைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள் ஏளனமாகச் சொல்லிவிட்டேன். சபையில் சிலர் சிரித்தார்கள். அன்று அஸருக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி தம் பேரனை அனுப்பி என்னை அழைத்தார்.

"ஹஜ்ரத், என் வீட்டுக்காரர் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து மாதக்கணக்கில் கிடந்தாரே, அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றியது யார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சிஸ்டரம்மா. பெற்ற பிள்ளைகளே வாடை தாங்காமல் தள்ளி நின்றார்கள். அந்த அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்களை நினைத்தா மிம்பரில் நின்று அப்படிப் பேசினீர்கள்?" என்று கேட்டார்.

நான் தலை குனிந்தேன். அவர் இன்னொரு செய்தியும் சொன்னார். அதனை இறுதியில் சொல்கிறேன்.

சகோதரர்களே! நாம் வாழும் இக்கடற்கரையில் இது ஏட்டோடு நிற்கும் விஷயம் அன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் கோவளத்தில் இறங்கினால், ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் போற்றும் தர்காவும் இருக்கிறது. கார்மேல் அன்னை ஆலயமும் இருக்கிறது. 2002 ஆம் ஆண்டு சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, செங்கல்பட்டு கத்தோலிக்கர்களின் தனி மறைமாவட்டமாயிற்று. அவர்களுடைய குருமார்களும் கன்னியரும் நடத்தும் பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். "அவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்வதில்லை?" என்று பிள்ளை கேட்டால், சரியான பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறருடைய கொள்கையை ஏற்காமலிருக்க நமக்கு உரிமை உண்டு. அறியாமல் இழித்துப் பேச உரிமை இல்லை.

அவர்கள் வேதத்தில் உள்ளது என்ன?

மத்தேயு நற்செய்தியின் 19 ஆம் அதிகாரத்தில், விண்ணரசுக்காக மண வாழ்வைத் தாமே துறந்தவர்களும் உண்டு என்றும், ஏற்க இயன்றவர் ஏற்கட்டும் என்றும் ஈஸா (அலை) அவர்கள் சொன்னதாக வருகிறது. பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 7 ஆம் அதிகாரத்தில், மணமாகாதவரின் உள்ளம் பிளவுபடாமல் இறைபணியிலேயே நிற்கும் என்கிறார். ஆயினும், இது குறித்து ஆண்டவரின் கட்டளை தம்மிடம் இல்லை; இது தம் கருத்து என்றும் எழுதுகிறார். மணம் புரிவது பாவமன்று என்பதையும் அங்கேயே தெளிவாக்குகிறார். பேதுருவுக்கு மாமியார் இருந்த செய்தி மத்தேயுவின் 8 ஆம் அதிகாரத்தில் உள்ளது. எனவே தலைமைச் சீடரே மணமானவர். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதமோ, திருமணத்தைத் தடை செய்வோரைக் கண்டிக்கிறது.

ஆகவே அவர்கள் வேதத்தில் துறவு என்பது விரும்பியவர் ஏற்கும் அழைப்பு. அனைவருக்கும் விதிக்கப்பட்ட சட்டம் அன்று. மேலைத் திருச்சபை குருமார்களுக்கு அதனைச் சட்டமாக்கியது படிப்படியாகத்தான். 1139 ஆம் ஆண்டின் இரண்டாம் லாத்தரன் சங்கம், குருமார் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என அறிவித்தது. மார்ட்டின் லூதர் 1525 இல் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு கன்னியரை மணந்தார். சீர்திருத்த சபைகளின் போதகர்கள் இன்றளவும் இல்லறத்தார்களே. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபைகளில் குருமார் மணம் புரியலாம். ஆயர்கள் மட்டும் துறவிகள்.

கன்னியரின் நிலை வேறு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகளை அவர்கள் தாமே முன்வந்து ஏற்கிறார்கள். அதுவும் ஒரே நாளில் அன்று. முதலில் பயிற்சிக் காலம். பின்னர் தற்காலிக வார்த்தைப்பாடு. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நிரந்தர வார்த்தைப்பாடு. இடையில் மனம் மாறினால் திரும்பிச் செல்ல வழியும் உண்டு.

நம் வேதம் சொல்வது என்ன?

அல்ஹதீத் அத்தியாயத்தின் 27 ஆம் வசனத்தைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். துறவறத்தை அவர்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள், நாம் அதனை விதிக்கவில்லை என்று அல்லாஹ் அறிவிக்கிறான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இறைத் திருப்தியை நாடுவதை அவ்விடத்திலேயே குறிப்பிடுகிறான். அந்த நாட்டத்தினால்தான் அவர்கள் அதனை உண்டாக்கினார்கள் என்று விரிவுரையாளர்களில் ஒரு சாராரும், அந்த நாட்டத்தை மட்டுமே அல்லாஹ் விதித்திருந்தான் என்று மற்றொரு சாராரும் விளக்குவர். பேண வேண்டிய முறையில் அவர்கள் அதனைப் பேணவில்லை என்று குறை காட்டிவிட்டு, அவர்களில் ஈமான் கொண்டோருக்குக் கூலி உண்டென்றும், பலர் வரம்பு மீறியவர்கள் என்றும் வசனம் முடிகிறது. எவ்வளவு நீதமான தராசு பாருங்கள்! அல்மாயிதா 82 ஆம் வசனத்தில் பெருமை கொள்ளாத துறவிகளைச் சிறப்பித்த அதே இறைவன், அத்தவ்பா 34 ஆம் வசனத்தில் மக்களின் பொருளை முறைகேடாக உண்ணும் துறவிகளைக் கண்டிக்கிறான். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை.

இந்தத் தராசைத் தம் வாழ்வில் கண்டவர் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள். உண்மை மார்க்கத்தைத் தேடி ஷாம் தேசம் சென்று, கிறிஸ்தவத் துறவியரிடம் பணிவிடை செய்தவர். முதலில் அவர் அண்டிய குரு, ஏழைகளுக்கென வந்த தர்மத்தை ஏழு சாடிகளில் பொன்னும் வெள்ளியுமாகப் பதுக்கி வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்தவரோ இரவும் பகலும் வணக்கத்தில் திளைத்த உத்தமர். அவரைப் போல் எவரையும் தாம் நேசித்ததில்லை என்று பிற்காலத்தில் ஸல்மான் (ரலி) நினைவுகூர்ந்தார்கள். மூஸில், நஸீபீன், அம்மூரியா எனத் துறவியர் பலரிடம் வாழ்ந்து, இறுதியில் மதீனா வந்து சேர்ந்தார்கள்.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மானையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக்கினார்கள். ஒரு நாள் சகோதரர் வீட்டுக்குச் சென்ற ஸல்மான் (ரலி), அவருடைய மனைவி அலங்காரமின்றி எளிய உடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் எதுவும் தேவையில்லை என்று பதில் வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவரை உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உம் மீது உரிமை உண்டு, உம் உடலுக்கும் உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று அறிவுரை சொன்னார்கள். செய்தியறிந்த நபியவர்கள், ஸல்மான் உண்மையே சொன்னார் என்றார்கள். இது புகாரியில் உள்ள செய்தி.

கவனியுங்கள்! மடங்களின் மேன்மையையும் பலவீனத்தையும் உள்ளிருந்து கண்டவரே, மனைவியின் உரிமையை நினைவூட்டுகிறார். துறவியரை அவர் பழிக்கவில்லை. ஆனால் இல்லத்தைப் புறக்கணித்து இறைவனை நாடுவது நம் வழியன்று என்பதில் உறுதியாக இருந்தார்.

'இஸ்லாத்தில் துறவறம் இல்லை' என்று மேடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி ஒலிக்கிறது. அதே சொற்களில் அந்த ஹதீஸைத் தாம் காணவில்லை என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். ஆயினும் கருத்து உறுதியானது. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) துறவு பூண நாடியபோது நபியவர்கள் அனுமதிக்கவில்லை. மணமே புரிய மாட்டேன் என்று உறுதிகொண்ட தோழரிடம், மணம் புரிவது தம் வழிமுறை எனத் தெளிவுபடுத்தினார்கள். மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நன்மை உண்டு என்று கற்பித்த மார்க்கம் இது. அதே நேரத்தில், மணமாகாத ஒருவரைக் குறை சொல்லவும் நமக்கு அனுமதியில்லை. 1277 இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மணம் புரியாமலேயே கல்விப் பணியில் வாழ்ந்து முடித்தார்கள். யஹ்யா (அலை) அவர்களின் புலனடக்கத்தைக் குர்ஆனே புகழ்கிறது.

நம் வீடுகளில் உள்ள மடங்கள்

சகோதரர்களே! இப்போது அந்த மூதாட்டி சொன்ன இரண்டாவது செய்திக்கு வருகிறேன். அவருடைய பேத்தி பட்டம் படித்தவள். குர்ஆன் ஓதத் தெரிந்தவள். அன்று முப்பதைத் தாண்டியிருந்தாள். பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பவுன் கணக்கைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டனாருக்குக் கட்டு மாற்ற வந்த சிஸ்டரம்மாவிடம் ஒரு நாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாளாம்: "உங்கள் மடத்தில் சேர வேண்டுமானால் எத்தனை பவுன் கேட்பார்கள்?"

"பேத்தி விளையாட்டாகத்தான் கேட்டாள், ஹஜ்ரத். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை" என்றார் அந்தத் தாய்.

இதனைக் கேட்டபின் எனக்கும் உறக்கம் எப்படி வரும்? நம் மார்க்கத்தில் மடம் இல்லை என்று பெருமை பேசுகிறோம். ஆனால் நம் மஹல்லாக்களில், கைக்கூலி கொடுக்க இயலாத காரணத்தால் கதவுக்குப் பின்னால் முதிர்ந்துகொண்டிருக்கும் நம் பெண்மக்களின் நிலைக்கு என்ன பெயர்? அந்தக் கன்னியர் தாமே விரும்பி ஏற்றார்கள். இவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சிந்திக்கப் பல ஆண்டுகள் அவகாசம் உண்டு. இவர்களுக்கு ஆண்டுகள் வீணே கழிகின்றன. அவர்களை அவர்களுடைய சபை தாங்கி நிற்கிறது. இவர்களையோ நாம் 'இன்னும் ஆகவில்லையா?' என்று கேட்டே நோகடிக்கிறோம். துறவறத்தை அல்லாஹ் அவர்களுக்கு விதிக்கவில்லை என்று ஓதும் நாம், நம் பெண்களுக்கு அதனை விதித்திருக்கிறோம்!

அந்நூர் அத்தியாயத்தின் 32 ஆம் வசனத்தில், உங்களில் துணையற்றோருக்கு மணமுடித்து வையுங்கள் என்ற கட்டளை சமுதாயத்தை நோக்கி வருகிறது. பெண்ணைப் பெற்ற ஏழைத் தகப்பனை மட்டும் நோக்கியன்று. அந்நிஸா 4 ஆம் வசனம், பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொல்கிறது. பெண்ணிடமிருந்து வாங்கச் சொல்லவில்லை. 1961 ஆம் ஆண்டிலிருந்து நாட்டின் சட்டமும் வரதட்சணையைக் குற்றம் என்கிறது.

இதில் என் பங்கையும் மறைக்க மாட்டேன். நிகாஹ் தஃப்தரில் சிறு தொகையை மஹராக எழுதிய என் பேனா, அதைவிடப் பன்மடங்கு மறுபுறம் கைமாறியதை அறிந்தும் எழுதியிருக்கிறது. அந்த மூதாட்டியின் வாசலிலிருந்து திரும்பிய வாரமே ஜமாஅத்தாரிடம் சொல்லிவிட்டேன்: கைக்கூலி வாங்கும் நிகாஹுக்கு நான் குத்பா ஓத மாட்டேன். சிலர் வருந்தினார்கள். சிலர் வேறு ஊர் ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று இளைஞர்கள் வாங்கிய நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

மகனைப் பெற்ற தாய்மார்களே! உங்களிடம்தான் இறுதியாக வேண்டுகிறேன். பெண் கேட்கச் செல்லும் வீட்டில் பவுனைப் பற்றிப் பேசாதீர்கள். பேசாமல் இருந்து, 'உங்கள் விருப்பம்' என்று சொல்லி எதிர்பார்க்கவும் செய்யாதீர்கள். வாலிபர்களே! 'அம்மா சொல்லைத் தட்ட முடியாது' என்று ஒதுங்காதீர்கள். பாவத்தில் பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் இல்லை.

அந்த மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பேத்திக்கு இன்னும் நிகாஹ் ஆகவில்லை. எங்கள் மஹல்லாவின் குழந்தைகளுக்கு அவள் குர்ஆன் ஓதக் கற்றுத் தருகிறாள்.

யா அல்லாஹ்! பிறரின் தியாகத்தை இழித்த எங்கள் நாவுகளை மன்னிப்பாயாக. எங்கள் பெண்மக்கள் மீது நாங்கள் ஏற்றிய சுமையை எங்கள் கைகளாலேயே இறக்கி வைக்க அருள்வாயாக. மணமாகாத ஒவ்வொருவருக்கும் கண்ணியமான வாழ்வைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.