கொடைக்கானல் சளியும் ஒரு பாட்டில் தைலமும்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது: "கொடைக்கானல் போனாலே சளி பிடிக்குது ப்ரோ, அந்தக் குளிர் நமக்கு ஒத்துக்கலையா?"

என் வேலைல ஒரு பக் வந்தா முதல்ல லாக்ல நேரத்தைப் பார்ப்போம். எரர் தெரிஞ்ச நேரம் வேற, தப்பு நடந்த நேரம் வேற. ஜலதோஷ வைரஸ் உள்ளே போன பிறகு மூக்கு ஒழுக அரை நாள்லேர்ந்து 3 நாள் ஆகும். ஃப்ளூவுக்கு 1 முதல் 4 நாள். சனிக்கிழமை காலைல ஏரிக்கரைல இறங்கும்போதே தொண்டை கரகரன்னா, அது பெரும்பாலும் ஊர்லேர்ந்தே வாங்கிட்டு வந்தது. அப்புறம் அந்த வேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் இழுத்து மூடுவோம். ஒரே காத்தைப் பத்து பேர் சுவாசிக்கிறோம், அதுல ஒருத்தர் இருமினா போதும். ரெண்டு விரல் அளவு ஜன்னலைத் திறந்து வைங்க.

குளிருக்குப் பங்கே இல்லன்னு சொல்லல. சில்லுன்னு இருக்கிற மூக்குல ஜலதோஷ வைரஸ் நல்லாவே வளரும். ஆனா வைரஸ் இல்லாம குளிர் மட்டும் ஜலதோஷத்தை உண்டாக்காது.

வேடிக்கை என்னன்னா, 1845-ல மதுரைலேர்ந்து அமெரிக்க மிஷனரிகள் இந்த மலைல வந்து வீடு கட்டினதே காய்ச்சலுக்குத் தப்பிக்கத்தான். கெட்ட காத்தாலதான் மலேரியா வருதுன்னு அப்போ நம்பினாங்க. கொசுதான் காரணம்ங்கிற வழியைக் காட்டினது 1897-ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் செஞ்ச ஆய்வு. ஏழாயிரம் அடி உயரக் குளிர்ல மலேரியா பரவுறது கஷ்டம், அவ்வளவுதான். அன்னைக்குக் காத்துக்குப் பாராட்டு, இன்னைக்குப் பழி.

சிலருக்கு வர்றது சளியே இல்ல, அலர்ஜி. கண்ணு, மூக்கு அரிக்கும், தும்மல் அடுக்கடுக்கா வரும், காய்ச்சல் இருக்காது. ரூமை விட்டு வெளியே வந்தா குறையுதா? ஈர வாடை அடிக்கிற சுவரையும் பழைய கம்பளியையும் சந்தேகப்படுங்க. ரூமை மாத்திக் கேளுங்க, வெட்கப்பட வேண்டாம்.

சரி, எல்லாரும் வாங்கிட்டு வர்ற தைலம். யூகலிப்டஸ் வாசனை மூக்குல குளிர்ச்சி உணர்வைத் தூண்டுது, அடைப்பு விட்ட மாதிரி இருக்கும். ஆனா மூக்குல காத்து போற வழியை அளந்து பார்த்தா அதே அளவுதான். பெரியவங்க நெஞ்சுல தடவிட்டுத் தூங்குறதுல தப்பில்ல, நானும் தடவுறேன். கைக்குழந்தை மூக்குப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. சர்க்கரைல ரெண்டு சொட்டு விட்டுக் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். குழந்தை குடிச்சிடுச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இந்த அக்டோபர் லீவுல அப்பாவை மன்னவனூர் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு வீசிங் உண்டு. டெல்லில ஃப்ளூ ஜூலை டு செப்டம்பர்ல உச்சம், ஆனா சென்னை, வேலூர்ல வடகிழக்குப் பருவமழையோட, அக்டோபர், நவம்பர்ல. சரியா நம்ம டூர் சீசன். ஊசி போட்டு வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால டாக்டர்கிட்ட கேட்டு செப்டம்பர்லயே போட்டாச்சு. அறுபது தாண்டினவங்க, சுகர், ஆஸ்துமா உள்ளவங்க, கர்ப்பிணிகள் வீட்ல இருந்தா நீங்களும் கேளுங்க.

மெடிக்கல்ல நீங்களா அசித்ரோமைசின் வாங்காதீங்க. வைரஸுக்கு அது வேலைக்கு ஆகாது; 2023 மார்ச்ல இந்திய மருத்துவ சங்கமே இதைச் சொல்லி அறிக்கை விட்டது. பாராசிட்டமால், தண்ணி, ஓய்வு போதும். மூச்சு வாங்கினா, காய்ச்சல் மூணு நாள் தாண்டினா, இல்ல இறங்கித் திரும்ப ஏறினா, டாக்டர்கிட்ட போயிடணும். மேல்மலைல ஸ்டே எடுத்தா ராத்திரி பனில டவுனுக்கு வர நேரம் பிடிக்கும், விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். அப்பாவோட இன்ஹேலர் பெட்டிக்குள்ள போகாது, என் சட்டைப் பைல இருக்கும்.