மஞ்சள் விளக்கு எரிந்தால்

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? காரணத்தைத் தேடத் தொடங்க, காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போதும். நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்-4 மாசு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு, கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அங்கேதான் செருக வேண்டும்.

சில நூறு ரூபாய் புளூடூத் கருவியே எஞ்சின் கோளாறுக்கான குறியீட்டைப் படித்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் கோளாறுகளைப் பெரும்பாலான மலிவுக் கருவிகள் காட்டாது. என்னைக் கேட்டால், ஓடும் எஞ்சினின் அளவுகளை உடனுக்குடன் காட்டும் கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

குறியீடு வந்ததும் பாகம் வாங்க ஓடாதீர்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை; அவ்வளவுதான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சினானால், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சிலிண்டருக்கான பி0302 வந்தால் கோளாறு காயிலில்தான்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காரை ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் போய், விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.