மீண்டும் அழைப்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள்



புகைப்பதை விட நினைத்து உதவித் தொலைபேசியை அழைத்தால், முதலில் சில கேள்விகள் வரும். என்ன வயது? ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? எந்த மொழியில் பேச விருப்பம்? "உதவி கேட்டால் விசாரணையா?" என்று போனை வைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவரின் நிக்கோட்டின் பழக்கம் வலுவானது. அவருக்கு மருந்தும் தேவைப்படலாம். தமிழில் பேச வேண்டும் என்று நீங்கள் சொன்னால்தான் அந்தத் தேவை கணக்கில் ஏறும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதையும் சொல்லுங்கள்.

எண் எப்படிக் கிடைத்தது என்றும் கேட்பார்கள். இந்தியாவில் 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே உதவி எண் அச்சிடப்படுகிறது. அழைப்பவரைக் கேட்டால்தான் அதனால் பலன் உண்டா என்று தெரியும்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் அழைக்கக்கூடும். அமெரிக்காவில் 7 மாதம் கழித்து, "கடந்த 30 நாளில் புகைத்தீர்களா?" என்று கேட்பது வழக்கம். மறுபடியும் தொடங்கியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விட்டவர்கள் மட்டும் பதில் சொன்னால், இன்னும் உதவி தேவைப்படுபவர்கள் கணக்கில் மறைந்துபோவார்கள்.

வங்கிக் கணக்கு எண்ணோ ரகசிய எண்ணோ கேட்டால் மட்டும் உடனே போனை வையுங்கள். அது மோசடி.

ஜொகூரிலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவி உண்டு. அறுபது வயதுக்குப் பின் விட்டாலும் உடலுக்கு நன்மைதான். முன்பு முயன்று முடியாதவர்களும் தயங்காமல் வாருங்கள்.