வயிற்றுவலியும் மூன்று நாள் கூலியும்
(பொள்ளாச்சியில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



வயிற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. பசியைப் பற்றி எத்தனையோ கூட்டம் பேசியாயிற்று. இன்று வயிற்று வியாதியைப் பற்றிப் பேசுவோம்.

நமது நார் மில் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம், நான்கு வருஷமாக வயிற்றுவலிக்குக் கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கி விழுங்கி வந்தார். பிறகு மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. கடைசியில் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கொக்கிப்புழுவின் முட்டை! லீவு நாளில் தோப்புக்கு வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அவர். ஈர மண்ணிலிருக்கும் புழுக்குஞ்சு பாதத்தைத் துளைத்து உள்ளே ஏறுகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து குடலுக்கு இறங்கி, சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. உழைக்கிறவன் ரத்தத்தை உறிஞ்ச முதலாளி மட்டும்தான் உண்டென்று நினைத்திருந்தோம்!

1920களிலேயே சென்னை மாகாணத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் இந்தப் புழுவுக்கு எதிராக வேலை செய்தார்கள். நூறு வருஷம் ஆயிற்று. கண்டுபிடிக்கத் துளி மலம் போதும், தீர்க்க ஆல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. ஆனாலும் நம் தோழர் நான்கு வருஷம் வெளுத்தார்.

அல்சருக்கு மிளகாயும் கவலையுமே காரணம் என்று டாக்டர்களே சொல்லி வந்த காலம் உண்டு. ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர், பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பையைக் கெடுத்துக்கொண்டு காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மூச்சை ஊதச் சொல்லியோ மலத்தைச் சோதித்தோ அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒமிப்பிரசோல் போன்ற மாத்திரையைத் தின்றுகொண்டே போனால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். (ஓயாமல் விழுங்கும் வலி மாத்திரையாலும் அல்சர் வரும். இடுப்புவலிக்காரர்கள் கவனிக்கவும்.)

இனி நம் கஷ்டத்துக்கு வருகிறேன். புழு முட்டையும் அமீபாவும் தினமும் மலத்தில் தென்படுவதில்லை. ஆகவே வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்ப்பது நல்லது. அதிலும் சீதபேதியானால் அரைமணிக்குள் பார்க்க வேண்டும். ஆறிப்போனால் அமீபா செத்துவிடும். ஆனைமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியலில் டப்பாவோடு பஸ் ஏறி வந்தால் எதைப் பார்ப்பது? சோதனைக்கு மூன்று நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்றால், கூலி யார் தருவார்? அதனால்தான் மாத்திரைக் கடையே நமக்கு ஆஸ்பத்திரியாகிவிட்டது.

கிராமத்திலேயே சோதித்தால் இந்த அலைச்சல் இல்லை. எந்த நிலையத்தில் எந்தச் சோதனை இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் பட்டியலே போட்டிருக்கிறது. பட்டியல் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்குமா? அதற்கு ஆள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் நிரந்தர லேப் டெக்னீஷியன், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு மாலை நேர லேப், சோதனை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு: இந்த மூன்றையும் கேட்டு மகஜர் எழுதியிருக்கிறோம். மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டுப் போங்கள். வயிற்றுவலி உள்ளவர்கள் எத்தனை மாதமாக என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.