பின்விளக்கைத் திறப்பவர்கள்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள், வண்டியைச் செலுத்துபவன் தன் பயணத்தின்போது ஒருமுறையேனும் காணாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே பின்விளக்கு. முன்விளக்கு அவனுக்கு வழி காட்டுகிறது. பின்விளக்கோ அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்காகவே எரிகிறது. இங்கே ஒரு வண்டி செல்கிறது, இதோ அதன் வேகம் குறைகிறது என்று முன்பின் அறியாத ஒருவனுக்கு அறிவிப்பதே அதன் தொழில். இந்த விளக்கை வீட்டிலேயே பிரித்து, உள்ளே தமக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து, மீண்டும் மூடி வண்டியிற் பொருத்திக்கொள்வதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

இப்பொழுதுபோக்கைப் பெரிதும் வளர்த்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்து இளைஞர்கள் எனலாம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அவர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, உடலை உருமாற்றினார்கள். ஒரு வகைக் காரின் பின்விளக்கை மற்றொரு வகைக் காரிலே பதித்தார்கள்; விளக்கைத் தகட்டினுள்ளே புதைத்து, விளிம்பு தெரியாமல் இழைத்தார்கள். சிவப்புக் கண்ணாடியின் நடுவே சிறியதொரு நீலக் கண்ணாடியைப் பதிக்கும் வழக்கமும் இருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஊதா நிறமாகத் தோன்றும். அழகுதான், ஆயினும் சில மாநிலங்களின் சட்டம் அதனை விரும்பவில்லை.

அக்காலத்திலே பின்விளக்கைத் திறப்பது பெரிய வித்தையன்று. இரண்டு மூன்று திருகாணிகள், ஓர் இறப்பர் வளையம், அதன்மேல் ஒரு சிவப்பு மூடி. மின்குமிழ் எரிந்துபோனாலும் அந்தத் திருகாணிகளைக் கழற்றியே மாற்றினார்கள்.

இன்றைய விளக்கின் கதை வேறு. அதன் சிவப்பு மூடி அக்கிரிலிக் என்னும் பிளாஸ்டிக்கினாலானது. பின்புறக் கூடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் மற்றொரு பிளாஸ்டிக்கினாலானது. தொழிற்சாலையிலே இரண்டின் விளிம்புகளையும் சூடான தகட்டில் வைத்து உருக்கி ஒன்றோடொன்று அழுத்துகிறார்கள். அல்லது ஒன்றன்மேல் ஒன்றை வேகமாக அதிரச் செய்து, உராய்வுச் சூட்டினாலேயே உருகி இணையச் செய்கிறார்கள். பசை என்ற பேச்சே அங்கு இல்லை. மின்குமிழை மாற்றப் பின்புறத்தில் வாசல் உண்டு. மூடிக்கு வாசல் இல்லை. இலங்கை வீதிகளில் ஓடும் யப்பானிய வண்டிகளின் பின்விளக்குகளும் பெரும்பாலும் இவ்வகையினவே.

பலர் தவறுவது இவ்விடத்திலேதான். முன்விளக்குகள் பலவற்றின் மூடி, பியூட்டைல் என்னும் இறப்பர்ப் பசையினால் ஒட்டப்பட்டிருக்கும். அப்பசை சூட்டில் இளகும். ஆகவே முன்விளக்கை அளவான சூட்டில் அடுப்பறைப் போறணையினுள் சில நிமிடம் வைத்து, மெல்ல நெம்பித் திறந்துவிடுவார்கள். இதில் வெற்றி கண்ட ஒருவன் அடுத்த வாரம் பின்விளக்கையும் போறணையில் வைக்கிறான். அக்கிரிலிக்கும் ஏ.பி.எஸ்.ஸும் ஏறக்குறைய 105 பாகை செல்சியசில் இளகத் தொடங்குபவை. உருக்கி இணைத்த பொருத்திலோ அவற்றுக்கு முன்னர் இளகக்கூடிய பொருள் எதுவுமில்லை. பொருத்து விடுமுன் விளக்கே வளைந்துபோகிறது!

ஆதலால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பொறுமையுள்ளவர்கள் நுண்ணிய பல்லுள்ள வாளைக் கொண்டோ, சிறு மின்பொறியிற் சுழலும் தட்டைக் கொண்டோ, இணைப்புக் கோட்டின் ஓரமாக, மூடியைத் தீண்டாமற் கூட்டின் பக்கத்தில் வெட்டுகிறார்கள். தட்டு விரைந்து சுழன்றாற் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடம் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆழமாக இறங்கினால் உள்ளேயுள்ள தெறிகருவி பழுதாகும். இத்தெறிகருவியின் பளபளப்பு வெறும் அலுமினியப் படலம். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் மெல்லியது. தூசியைத் துடைப்போம் என்று விரலை வைத்தால் அந்தப் படலமும் விரலோடு வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே எதனை வைக்கிறார்கள்? பெரும்பாலும் எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகளையே வைக்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமலில்லை. பழைய மின்குமிழின் இழை சூடேறி முழு ஒளி பெற ஏறக்குறைய ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு செல்லும், எல்.ஈ.டி.க்கு அத்தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வண்டி அந்தச் சிறு பொழுதில் ஐந்தரை மீற்றர் ஓடிவிடுகிறது. பின்னால் வருகிறவனுக்கு அந்த ஐந்தரை மீற்றர் பெருங்கொடை.

ஆனால் கொடுத்த கையே பறித்தும்விடலாம். வெள்ளை எல்.ஈ.டி.யின் ஒளியிற் சிவப்புப் பங்கு குறைவு. சிவப்பு மூடியின் பின்னால் அதனை வைத்தால் ஒளியின் பெரும்பகுதி மூடியிலேயே தங்கிவிடும். சிவப்பு எல்.ஈ.டி.யை வைப்பதே முறை. மேலும், எல்லாத் திசையிலும் ஒளி சிந்துகிற மின்குமிழுக்கென வடித்த தெறிகருவி, ஒரே திசையிற் பாய்ச்சுகிற எல்.ஈ.டி.க்குப் பொருந்தாது. நேர் பின்னால் நிற்பவனுக்குக் கண் கூசும். சற்று விலகி நிற்பவனுக்கு இருட்டு.

இன்னொன்று இதனினும் பெரியது. ஐக்கிய நாடுகளின் 7ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, பின்விளக்கு நேர் பின்னால் குறைந்தது 4 கண்டெலாவும், தடுப்பு விளக்கு குறைந்தது 60 கண்டெலாவும் ஒளிரவேண்டும். பதினைந்து மடங்கு! பின்னால் வருகிற சாரதி வாசிப்பது இந்த வேறுபாட்டையே. வீட்டிற் செய்த அழகிய சிவப்பு வளையம் எந்நேரமும் பிரகாசமாக எரிந்து, பிரேக்கை மிதிக்கும்போது சிறிதே கூடுமாயின், மழையிரவில் அவன் எதனை வாசிப்பான்?

மூடியின்மேற் கருஞ்சாயம் பூசுபவர்களும் உளர். மூடியின் ஒரு பகுதியில் மூன்று சிறு தளங்கள் மூலையாகக் கூடும் வடிவங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். எத்திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த திசைக்கே அதனைத் திருப்பியனுப்புவது அவற்றின் இயல்பு. மின்கலம் செத்து, விளக்கணைந்து, இருட்டிலே தெருவோரம் நிற்கும் வண்டியைக் காட்டிக்கொடுப்பது இதுதான். சாயம் பாதி ஒளியையே விடுமானால், போகும்போது பாதியும் வரும்போது பாதியுமாக, மிஞ்சுவது காற்பங்கு.

இனி மூடும் வேலை. விளக்கு முற்றாகக் காற்றடைத்த பெட்டியன்று. நீரைத் தடுத்துக் காற்றை விடும் சிறு துவாரத்தினால் அது மூச்சு விடுகிறது. வெட்டி ஒட்டிய இடத்தில் ஊசித்துளை ஒன்று இருந்தாலும், சூடான விளக்கு மழையிற் குளிரும்போது நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். வினாகிரி மணம் வீசுகிற சிலிக்கன் பசையை அனுபவசாலிகள் தொடுவதில்லை. அதிலிருந்து வரும் அசற்றிக்கமிலம் அலுமினியப் படலத்தை அரிக்கும். அமிலம் வெளிவிடாத சிலிக்கனும் உண்டு. மீண்டும் திறக்க விரும்புபவர்கள் பியூட்டைலை நாடுவார்கள். ஒட்டியபின் துவாரங்களை அடைத்து, விளக்கை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

அமெரிக்கச் சட்டம் இதிலே ஒரு விசித்திரமான கோட்டை வரைந்திருக்கிறது. வண்டிவிளக்குகளுக்கான 108ஆம் இலக்க மத்திய நியமம் 1968ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நியமப்படி அமைந்த விளக்கின் பயனைக் கெடுக்கக்கூடாது என்ற மத்திய சட்டத் தடை, உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் திருத்தகங்களையும் கட்டுப்படுத்துகிறது. தன் சொந்தக் கராஜில் தன் வண்டியைத் திறக்கிற தனிமனிதனை அது கட்டுப்படுத்துவதில்லை. அவன் தன் மாநிலச் சட்டத்துக்கும், வீதியில் மறிக்கும் பொலிசுக்காரனுக்குமே விடை சொல்லவேண்டியவன். கூலிக்குச் செய்பவனுக்கு ஆகாதது, ஓய்வுநாளில் அனுபவமின்றிச் செய்பவனுக்கு ஆகும் என்பது சற்று வேடிக்கையானதே.

அறிந்தவர்கள் தங்கள் வண்டியின் விளக்கில் முதலிற் கைவைப்பதில்லை. பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து வேறொரு சோடி வாங்கி, அதனை வெட்டிப் பழகுகிறார்கள். மூல விளக்குகளைச் சாக்கிலே சுற்றிப் பத்திரமாக வைக்கிறார்கள். வேலை முடிந்த அன்று பொழுது சாயும்வரை காத்திருந்து, வீட்டிலிருக்கும் ஒருவரை வண்டியின் பின்னால் ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொல்லுகிறார்கள். பின்பு உள்ளே அமர்ந்து, கண்ணாடியை இறக்கி, பிரேக்கை மிதித்தும் விட்டும், "இப்போது தெரிகிறதா? இப்போது?" என்று கேட்கிறார்கள்.